கப்பல் ஏறும்வரை அக்கா பொறுப்பு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், தகரக்கூரை போட்ட ஒரு ஷெட்டில் என் பெரியம்மா மகள் ஆலிஸ் அக்கா தோசைக்கல் செய்கிறார். வட்டமாக வெட்டிய இரும்புத் தகட்டை மார்க்கெட்டில் வாங்கி, விளிம்பைத் தேய்த்து, கைப்பிடி பற்றவைத்து, எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது வரை எல்லாம் அங்கேயேதான். வெல்டராக இருந்த அக்காவின் கணவர் ஸ்டானிஸ்லாஸ் மாமா தொடங்கிய தொழில். மாமா மாரடைப்பில் போனபோது, ஷெட்டை விற்றுவிட்டு ராயபுரத்து வீட்டில் ஜெபமாலையோடு உட்காரச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அக்கா உட்காரவில்லை. மாமாவின் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே பற்றவைக்க ஆரம்பித்துவிட்டார். எண்ணெய் தடவ மங்கம்மாவைச் சேர்த்துக்கொண்டார். மங்கம்மாவுக்குக் கை ஓடும் வேகத்தில் வாயும் ஓடும்.

அந்தத் தோசைக்கற்களை வரவழைத்து ராட்டர்டாமில் விற்பவள் நான்.

எங்களுக்குள் ஒப்பந்தம் எஃப்.ஓ.பி. கப்பல் வியாபாரத்தில் இப்படி மூன்றெழுத்து ஒப்பந்தங்கள் பத்துப் பதினொன்று இருக்கின்றன. எல்லாமே கேட்பது ஒன்றைத்தான்: வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அது யார் தலையில் விழும், எந்த இடத்தில் தலை மாறும்? எஃப்.ஓ.பி.யில் அந்த இடம் கப்பல். சென்னையில் சரக்கு கப்பலில் ஏறும்வரை வண்டி, சுங்கம், மழை, திருட்டு எல்லாம் விற்கிற அக்காவுடையது. ஏறிய பிறகு கப்பல் கூலி, இன்சூரன்ஸ், கடலில் அடிக்கிற புயல் எல்லாம் வாங்குகிற என்னுடையது.

அதனால் பெட்டிகள் கிளம்பும் நாளில் அக்காவும் கிளம்புவார். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி, சாப்பாட்டு கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, மணலிப் பக்கத்துக் குடோன் வரை போவார். அங்கேதான் சுங்க அதிகாரி வந்து பார்ப்பார். பலபேருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றுவார்கள். டிரைவரே இறக்கிவிட்டு வந்தால் போதும். ஒருமுறை சொல்லியும் பார்த்தேன்.

"என் பொறுப்புல கீற சாமானுடி. நட்டநடு ரோட்ல அநாதையா வுட்டுட்டு வர்ச் சொல்றியா?" என்றார்.

குடோன் வாசலில் தண்டபாணி நிற்பார். சுங்கப் பேப்பர்களைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் கம்பெனியின் ஆள், திருவொற்றியூர்க்காரர், கல்யாணம் செய்துகொள்ளாமலே ஐம்பதைத் தாண்டியவர். பேப்பரெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் போய்விடுகிறது. ஆனால் அதிகாரி எப்போது வருவார் என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அதுவரை அக்காவும் அவரும் பூவரச மரத்தடி பெஞ்சில் காத்திருப்பார்கள். சரக்கு கப்பலில் ஏறியதும் "ஏறிடுச்சு மேடம்" என்று அவர் அக்காவுக்குச் சொல்வார். அக்கா எனக்குச் சொல்வார். அந்த நிமிடம் முதல் கப்பல் எங்கே போகிறது என்று நான் போனில் பார்க்க ஆரம்பிப்பேன்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

போன ஐப்பசி மழையில் மணலி ரோட்டில் முழங்கால் தண்ணீர். குட்டியானை நடுவழியில் நின்றுவிட்டது. அக்கா தண்ணீரில் இறங்கி, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அரைநாள் நின்றிருக்கிறார். அப்படியும் அடிப்பெட்டிகள் ஊறி, கற்களில் துரு ஏறிவிட்டது. அத்தனையும் மறுபடி தேய்த்து மறுபடி எண்ணெய் போட்டார்கள். அக்காவுக்குக் காய்ச்சல். இங்கே உட்கார்ந்து கேட்ட எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார் யாரையோ விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"அக்கா, இனிமே எக்ஸ் ஒர்க்ஸ் போட்டுக்கலாம்."

"அது இன்னா?"

"உன் ஷெட் வாசல்ல பெட்டிய வெச்சிட்டா உன் பொறுப்பு முடிஞ்சுது. நான் ஒரு கம்பெனிய வெச்சிடறேன். அவங்க லாரியே வந்து எடுத்துக்கும். மழையோ வெயிலோ எல்லாம் என் தலைல."

"அப்போ குடோனுக்கு?"

"நீ போகவே வேணாம்."

"தண்டபாணி சாரு?"

"அவரும் வேணாம். கம்பெனிக்கே ஆள் இருக்காங்க. நீ ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா போதும்."

"லைன்ல இருக்கியாக்கா?" என்றேன்.

"கீறேன்," என்றார் அக்கா.

"உனக்கு நல்லதுக்குத்தானேக்கா சொல்றேன்."

"நான் கேட்டனா?"

புதுக் கம்பெனி மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். தை மாதம் ஊருக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். நான் வந்த வாரமே ஒரு லோடு இருந்தது. குட்டியானையில் மூன்றாவது ஆளாக நானும் இடித்துப்பிடித்து உட்கார்ந்தேன். அக்கா இஸ்திரி போட்ட நீலப் புடவை கட்டியிருந்தார். இரும்புத் தூள் படாத புடவையில் அவரை வேலைநாளில் நான் பார்த்ததே இல்லை.

தண்டபாணி வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான ஆள். நெற்றியில் விபூதி. "வாங்க மேடம், ரோடு எப்படி கீது?" என்று அக்காவைக் கேட்டுவிட்டு, பெட்டிகளை அப்புறம்தான் பார்த்தார். பெஞ்சில் ஒருவர் உட்காரும் அளவுக்கு மட்டும் துடைத்து வைத்திருந்தது. நான் வருவேன் என்று அவருக்குத் தெரியாது. ஐயோ என்று கைக்குட்டையை எடுத்து மீதியையும் துடைத்தார்.

பத்தரை மணிக்கே கேரியர் திறந்தது. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்காய். மீன் இல்லாத சோற்றை அக்கா சோறு என்று ஒப்புக்கொண்டதே கிடையாது.

"மீன் எங்கக்கா?"

"வாங்கல." என்னைப் பார்க்காமல் சொன்னார்.

தண்டபாணி ஒரு துண்டு எடுத்து மென்றார். "உருளைக்கிழங்குல காரம் கொஞ்சம் தூக்கல் மேடம்."

"போன தபா சப்புனு கீதுன்னீங்களே சார்?"

"அது போன தபா."

"அப்டினா உங்க நாக்குக்கு ஒரு பேப்பர் போட்டுக் குடுங்க. அதும்படி செய்றேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் உள்ளேயிருந்து ஆள் கூப்பிட்டான். அதிகாரி வந்துவிட்டார். அப்படி ஒருநாளும் நடந்ததில்லையாம். இரண்டு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார், ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார், அனுமதி கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"இன்னா சார், இன்னிக்கி இவ்ளோ சீக்கிரம்?" அக்காவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"நானும் எதிர்பாக்கல மேடம்." அவர் ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல நின்றார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். "அதான் முட்ஞ்சிருச்சே, கெளம்பலாமாக்கா?" இருவரும் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். பாதி சோற்றோடு அக்கா கேரியரை மூடினார்.

ஷெட்டில் மங்கம்மா எங்களைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "இன்னா ஆலிஸு, இவ்ளோ சுருக்கா வந்துகினே? மூஞ்சி ஏன் இப்டி தொங்குது?"

"எண்ணெ தடவு மங்கம்மா."

"தடவிகினுதான் கீறேன். ரூத்து, நீ கொண்டாந்துகீற பேப்பரு இன்னாத்த கட் பண்ணுதுனு பாத்தியா? கப்பல் ஏர்ற வரிக்கும் பொறுப்பாம். இது இன்னா பொறுப்புனு எங்குளுக்குத் தெரியாதா?"

"வாய மூட்றியா, இல்லியா?"

"நான் மூடிக்குவேன். ரோட்ல மழ கொட்டும்போது நீ நின்னது தோசக்கல்லுக்கா? வேற வண்டிய வெச்சித் திரும்பி வந்திருக்கலாம்ல? சாரு காத்துகினு இருப்பாருன்னுதான நின்னே?"

அக்கா வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பற்றவைக்க அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ராயபுரத்து வீட்டில், அக்கா கேரியரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "பழைய மாதிரியே இருக்கட்டும்க்கா. எஃப்.ஓ.பி.யே போதும்."

"வேணாம். மாத்திடு."

"ஏன்க்கா?"

தண்ணீரை மூடிவிட்டுச் சொன்னார். "சாமானுக்கோசரம் வராரா, எனக்கோசரம் வராரானு இத்தினி வர்ஷமா தெரியல. சாமானுக்கு சம்பளம் வாங்கறாரு, வந்துதான ஆவணும். சாமான் இல்லனாலும் வருவாரா?"

"வரலைன்னா?"

"வரலைனா தெரிஞ்சிபூடும்." கையைத் துடைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

புது ஏற்பாட்டில் முதல் லாரி வந்த அன்று, ராட்டர்டாம் திரும்பியிருந்த என்னை அக்கா வீடியோவில் கூப்பிட்டார். அக்காவும் மங்கம்மாவும் பெட்டியைத் தூக்கப் போனார்கள். "நீங்க தூக்காதீங்கம்மா. ஏத்தறதும் எங்க வேலதான்," என்றார் லாரிக்காரர். அக்கா ஓரமாக நகர்ந்து நின்றார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போல முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். லாரி திரும்பிப் போனது. குடோனில் வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். கப்பலில் ஏறிய செய்தி ஈமெயிலில் நேராக எனக்கு வந்தது. அக்காவுக்கு அனுப்பினேன்.

தண்டபாணி வரவில்லை. மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது. அடுத்த லோடும் போனது. அவரிடம் நானே ஒரு வார்த்தை பேசட்டுமா என்று கேட்டதற்கு, "நீ நடுவுல பூராத," என்றார் அக்கா. அதற்குப் பிறகு கல், தகடு, விலை தவிர வேறெதுவும் பேசவில்லை. கப்பல் எங்கே போகிறது என்று போனில் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். கவலைப்படுவதற்கு வேறொன்று கிடைத்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டார். கிசுகிசுப்பான குரல்.

"ரூத்து, சாரு போன் பண்ணாரு."

"என்ன சொன்னார்?"

"ஏன் மேடம் லோடே காணம்னாரு. பேச்சு மாறிப்போச்சு சார், இப்போ எனக்கு வாசல் வரிக்கும்தான்னேன். அப்பாலிக்கா, வாசல் எங்க கீதுன்றாரு."

"உன் அட்ரஸ்தான் எல்லா பேப்பர்லயும் இருக்கே?"

"அதான் நானும் சொன்னேன். அது ஷெட்டு மேடம், வூடு எங்கனு கேட்டேன்றாரு."

"எப்ப வராராம்?"

"வந்துட்டாருடி. வண்ணாரப்பேட்டை மெட்ரோல எறங்கி, எந்தப் பக்கம் வெளிய வர்றதுனு தெரியாம நின்னுகினு கீறாரு."

"ஐயோ, நீ போய்க் கூட்டிட்டு வாக்கா! மீன் மார்க்கெட் பக்கம் போயிட்டா அவ்ளோதான், ஞாயித்துக்கிழம கூட்டத்துல..."

"நான் போமாட்டேன். இத்தினி நாளா நான்தான் அவ்ளோ தூரம் போனேன். இன்னிக்கி என் வாசல் வரிக்கும் அவரு பொறுப்பு."

"வழி தெரியாம திரும்பிப் போயிட்டார்னா? மங்கம்மாவையாவது அனுப்பிக் கூட்டிட்டு..."

"மொதல்ல நீ போன வை, ரூத்து. அவரு கூப்ட்டா பிஸினு வரப்போவுது."

வைத்தேன்.