பஸ்ஸில் ஏறாமல் எழுதிய வீட்டுப்பாடம்

முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து, காப்பியடித்த பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகு வீட்டுப்பாடத்தில் தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தே போய்விடுவேன் என்று நினைத்தேன். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அதோடு பஸ் ஏறுவது நின்றது. பிறகு தனியாகத் தெருமுனைக்குப் போவதும் நின்றது. மயிலாப்பூர் குளத்தருகே காய்கறி வாங்கக்கூட வீட்டுக்காரர் கூட வர வேண்டும். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அடையாற்றில் ஓர் உளவியல் ஆலோசகரிடம், பயத்தைப் பேசியும் பழகியும் போக்கும் சி.பி.டி. சிகிச்சைக்குப் போனோம். என் மாணவிகள் வயதுப் பெண். "என்ன ஆகும்னு பயப்படுறீங்களோ, அதை முதல்ல எழுதுங்க மேடம். அப்புறம் செஞ்சு பார்த்துட்டு, நிஜமா என்ன ஆச்சுன்னு எழுதுங்க. பயத்துக்கு நூத்துக்கு மார்க் போடுங்க" என்றாள். மார்க் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

முதல் பாடம், மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை தனியாக பஸ் பயணம். வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, மார்ஜின் போட்டு அழகாக எழுதினேன். ஏறும்போது எண்பது. மந்தைவெளியில் அறுபது. டிக்கெட்டுக்குச் சில்லறை தேடியதில் கவனம் திரும்பி நாற்பது.

அவள் படித்துவிட்டு, "சாதா பஸ்தானே மேடம்?" என்றாள்.

"ஆமாம்."

"அதுல லேடீஸுக்கு ஃப்ரீ ஆச்சே. சில்லறை எதுக்கு?"

பேப்பரில் படித்த செய்திதான். பஸ்ஸில் ஏறியிருந்தால் அல்லவா ஞாபகம் வந்திருக்கும்? பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்வாளோ என்று பார்த்தேன். சிரித்துவிட்டு, "சரியான பதில் வேணாம் மேடம். கிறுக்கலா இருந்தாலும் உங்க பதில் வேணும்" என்றாள்.

மறுவாரம் நிஜமாகவே ஏறினேன். மந்தைவெளியில் தொண்ணூறு. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது. இறங்கிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்தேன். அடையாறு வந்தபோதும் எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் உயிரோடு இருந்தேன்.

இறங்கித் திரும்பினால், பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஹெல்மெட்டோடு என் வீட்டுக்காரர். வழி முழுக்கப் பின்தொடர்ந்தே வந்திருக்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆத்துல உக்காந்துண்டு இருக்க முடியலை. நோக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருந்துது" என்றார். "சரி, ஏறிக்கோ. போலாம்."

இத்தனை வருடம் என் பயத்தை அவரும் சேர்ந்தே சுமந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார அவ்வளவு ஆசையாக இருந்தது.

"நீங்க முன்னாடி ஆத்துக்குப் போங்கோ. என் பின்னாடி வரப்படாது" என்று சொல்லிவிட்டு, நெஞ்சு படபடக்கச் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க ஸ்டாப்பில் போய் நின்றேன்.