என் மகன் சொன்ன சரியான வாக்கியம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மைசூரில் பள்ளிக்கூடங்கள் திறந்து மழையும் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அக்ரஹாரத்துப் பக்கம் இருக்கும் ஓர் ஆங்கிலப் பள்ளியில் என் மகன் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கணவருக்கு கார் சர்வீஸ் சென்டரில் வேலை. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று மூன்றையும் கலந்துகட்டிப் பேசும் குடும்பம் எங்களுடையது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் மகன் நாங்கள் தத்தெடுத்த பிள்ளை. கைக்குழந்தையாக எங்களிடம் வந்தான். பின்னாளில் வேறு யாரோ சொல்லி அவன் நொறுங்கிப்போகக் கூடாது என்பதால், சோறு ஊட்டும் வயதிலேயே அவனிடம் சொல்லிவிட்டோம். ‘அடொப்ட்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வீட்டில் தோசை, சட்னி போல சாதாரணமாகப் புழங்கும். “நான் அடொப்ட் ஆன பையன். அதான் அப்பா மூக்கு எனக்கு வரல. தப்பிச்சேன்” என்று அவனே கிண்டல் செய்வான். பள்ளியில் மட்டும் யாருக்கும் தெரியாது. மறைக்கவேண்டும் என்றில்லை. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அந்த வருடம் அவன் வகுப்பில் ஒரு பெண் குழந்தை புதிதாகச் சேர்ந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் தாலுகா ராமாபுரத்தில் கன்னட வழியில் படித்தவள், வீட்டில் தமிழ். அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்ததால் குடும்பமே மைசூருக்கு வந்திருந்தது. பள்ளி கேட்டில் நான் தமிழில் என் மகனை அதட்டியதைக் கேட்டுவிட்டு, அவள் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள் தங்கச்சி, அவளுக்கு நான் அக்கா.

முதல் பெற்றோர் கூட்டம் வந்தது. டீச்சரிடம் ஒரு வார்த்தையாவது ஆங்கிலத்தில் பேசிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. புது இடத்துக்குப் பழகிக்கொள்வதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். எனக்கு முன்னால் அவள் முறை. நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“டீச்சர் என்ற கையப் புடிச்சுக்கிட்டாங்கக்கா. யூ ஆர் கிரேட்டுன்னு சொன்னாங்க. நான் இங்கிலீஷ் பேசுனது அவங்களுக்கு அவ்ளோ புடிச்சுப் போச்சு.”

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளே என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

சில நாட்கள் போயின. ஒரு மாலை அவளிடமிருந்து போன், ஒரே அழுகை. அவள் மகளை வகுப்பில் ஒரு பிள்ளை, “உன்னை எங்கிருந்து எடுத்துட்டு வந்தாங்க? உன் நிஜ அம்மா எங்க?” என்று கேட்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவும் அதே பள்ளியில் டீச்சர். ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டது வீடு வரைக்கும் போய், வகுப்புக்குத் திரும்பி வந்திருக்கிறது. குழந்தை சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம்.

“நாளைக்கு பிரின்சிபல பாக்கப் போறனுங்கக்கா. நீங்களும் கூட வாங்க. தனியாப் போக எனக்கு தைரியமில்ல” என்றாள். எனக்கு மறுநாள் மதியத்துக்கு மேல்தான் டூட்டி. போனேன்.

பிரின்சிபல் மேடமும் வகுப்பு டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். இவளுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் அன்றைக்கு ஆத்திரத்தில் தமிழ் மட்டும்தான் வந்தது.

“ஏனுங்க, எம்புள்ளைய பாத்தா எங்கயோ தூக்கியாந்த புள்ளையாட்டமா இருக்குது? குப்பைத்தொட்டியிலயா கெடந்தா? என்ற வவுத்துல பொறந்தவ. அனாதப் புள்ளைன்னு யாரு சொன்னது?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, அவங்களுக்குப் புரியற மாதிரி நீங்க சொல்லுங்க.”

அவள் முதுகில் என் கை இருந்தது. சமாதானப்படுத்துவதற்காக வைத்த கை. அதை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அவள் சொன்னதை நான் கன்னடத்தில் சொன்னேன். குப்பைத்தொட்டி என்ற வார்த்தையை மட்டும் என் வாய் சொல்ல மறுத்துவிட்டது.

டீச்சர் பதறிப்போனாள். அந்த அம்மாவே கூட்டத்தன்று தன்னிடம், “மை டாட்டர் ஈஸ் அடொப்டெட், ஃபுல்லி அடொப்டெட், நோ ப்ராப்ளம்” என்று சொன்னதாகச் சொன்னாள். பிரின்சிபலுக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. ‘அடாப்ட்’ என்றால் பழகிக்கொள்வது, ‘அடொப்ட்’ என்றால் தத்தெடுப்பது, நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். இவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சரும் சிரித்தாள். அறையில் இருந்த இறுக்கமெல்லாம் போய்விட்டது.

“நல்ல வேளை, அப்படியொன்றும் இல்லை. அந்தக் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குப் பாவமாக இருந்தது” என்றார் பிரின்சிபல். எல்லோருக்கும் டீ வந்தது. நானும் குடித்தேன். இப்படிக் குழப்பம் வரும் வார்த்தைகளை வகுப்பில் ஒரு பாடமாகவே நடத்திவிடும்படி டீச்சரிடம் சொல்லி எங்களை அனுப்பிவைத்தார்.

அந்தப் பாடம் நடந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். மகன் வந்தான். ஷூவைக் கழற்றாமல் கதவோரமாகவே நின்றான்.

“அம்மா, நான் அடொப்ட் ஆன பையன்தானே?”

“ஆமாடா. ஏன்?”

“மிஸ் தப்புன்னாங்க.”

உட்காரவைத்துக் கேட்டேன். டீச்சர் போர்டில் ஜோடி ஜோடியாக வார்த்தைகளை எழுதியிருக்கிறாள். ஏஞ்சல் என்றால் தேவதை, ஆங்கிள் என்றால் கோணம். டைரி என்றால் நாட்குறிப்பு, டெய்ரி என்றால் பால்பண்ணை. அதன்பிறகு அடாப்ட், அடொப்ட். போன் சார்ஜருக்கு மாட்டும் அடாப்டரை நினைத்துக்கொள்ளுங்கள், எந்த பிளக்கிலும் பழகிக்கொள்ளும், அதுதான் அடாப்ட் என்று அழகாகத்தான் விளக்கியிருக்கிறாள். அடொப்ட் என்ற வார்த்தை வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் தங்கச்சியின் மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவள் மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“அவ அழுதாம்மா. அதான் நான் எந்திரிச்சு, ஐ ஆம் அடொப்டெட்னு சொன்னேன். அது ஒண்ணும் அழற விஷயம் இல்லல்ல?”

“மிஸ் என்ன சொன்னாங்க?”

“பாருங்க, இவனும் அதே தப்பு பண்றான்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ஐ ஹேவ் அடாப்டெட்னு திருப்பிச் சொல்லச் சொன்னாங்க.”

“நீ சரியாத்தான் சொன்னேன்னு சொல்லலையா?”

“சொன்னேன். சும்னே கூத்கோன்னு அதட்டினாங்க. உக்காந்துட்டேன்.” கொஞ்ச நேரம் ஷூவின் லேஸை இழுத்துக்கொண்டிருந்தான். “உக்கார்றதுக்கு முன்னாடி மிஸ் சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லிட்டேம்மா.”

எத்தனையோ நோயாளிகளின் வீட்டாரிடம் சொல்லச் சிரமமான செய்திகளைப் பக்குவமாகச் சொல்லிப் பழகியவள் நான். அன்றைக்கு என் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். “நீ சொன்னது சரி” என்று மட்டும் சொன்னேன். “அப்ப நாளைக்கு நீ வந்து மிஸ்கிட்ட சொல்லு” என்றான்.

போனேன். டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத சின்னப் பெண். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நங்கே கொத்திர்லில்லா மேடம்” என்றாள். தெரியாதுதான், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. அவன் அன்றைக்குச் சொன்ன வாக்கியம் சரிதான் என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

பிரின்சிபலைக் கேட்கவேண்டும் என்று அழைத்துப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் பிரின்சிபல் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். தங்கச்சி வந்து கத்தியபோது திறந்தே கிடந்த கதவு அது.

“மேடம், உங்க பையன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இப்ப எல்லாரும் அவன் இங்கிலீஷ்ல தப்பு பண்ணிட்டான்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்” என்றார் குரலைத் தாழ்த்தி.

“அவன் தப்பு பண்ணலையே மேடம்.”

“இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமா? மத்த பேரன்ட்ஸ் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க. நாளைக்கு அவனுக்குத்தான் கஷ்டம்.”

எங்கள் வீட்டில் இது ரகசியமே இல்லை, அவனே எழுந்து நின்று சொல்லியிருக்கிறான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க ஸ்பெஷலா கவனிச்சிருப்போமே” என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

வகுப்பில் யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஸ்பெஷல் கவனிப்பு மட்டும் தொடங்கிவிட்டது. அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள். போகும்போதும் வரும்போதும் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். ஹோம்வொர்க் செய்யாமல் போனாலும் திட்டுவதில்லை. “எல்லாரையும் திட்டறாங்க, என்னை மட்டும் திட்டறதே இல்லம்மா” என்று அவனே ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டான்.

தங்கச்சியிடமும் சொன்னேன். அவள் விக்கித்துப்போய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நான் உங்களச் சொல்லலீங்கக்கா. சத்தியமா தெரியாதுங்க. அதுவுமில்லாம, உங்க பையனப் பாத்தா அப்படித் தெரியவே தெரியாதுங்கக்கா.”

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள். அதற்குப்பிறகு அவன் பிறந்தநாள், பண்டிகை என்றில்லாமல் எப்போது பார்த்தாலும் அவனுக்கு ஏதாவது தின்பண்டம் வாங்கிக் கொடுப்பாள். அவன் வாங்கிக்கொள்வான். அவளுடைய பார்வையை என்னால்தான் தாங்க முடியவில்லை. கேட்டில் நிற்கும் நேரத்தை நான் மெல்ல மாற்றிக்கொண்டேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்றார் கணவர். மகனிடம் கேட்டோம். நண்பர்களை விட்டு வரமாட்டேன் என்றான். அதே பள்ளியில்தான் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான். அந்தப் பெண்ணும் அவனும் நல்ல சிநேகிதம். அவளை யாரும் இப்போது கேலி செய்வதில்லை.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்த நாளை வருடாவருடம் கேக் வெட்டிக் கொண்டாடுவது எங்கள் வழக்கம். போன வருடம் கேக் ஆர்டர் செய்யலாமா என்று கேட்டபோது, “வேண்டாம்மா. ஃப்ரெண்ட்ஸ் யாராவது பாத்தா எதுக்கு கேக்குன்னு கேப்பாங்க” என்றான். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போய்விட்டு வரும்போது ஹோட்டலில் சாப்பிட்டோம். எதற்காக என்று மூவருக்கும் தெரியும்.

இங்கிலீஷில் அவன் நல்ல மார்க் வாங்குகிறான். ஒரே மாதிரி ஒலிக்கும் வார்த்தைகள் எத்தனை கேட்டாலும் தடுமாறாமல் சொல்வான். ஆனால் தன்னைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை அதற்குப்பின் அவன் வாயால் நான் கேட்டதில்லை. பிழையே இல்லாத ஒன்றைத் திருத்திவிட்டு, அதை அவன் நல்லதுக்காகவே செய்ததாக நம்பிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.