உயிரோடிருப்பவரின் பெயர்

ரொட்டி எண்ணெயில் பொன்னிறமாக உருண்டு வருவதற்குள் கலாஃபோ எதிரே நிற்பவனின் வம்சத்தையே விசாரித்து முடித்துவிடுவார். "நீ ஹொய்த்தா மகன் சாசிதானே? உன் தாத்தா பேரும் சாசி. காரம் தூக்கலா வைக்கவா?"

இஸ்ரேலின் அஷ்தோத் சந்தையில் என் காய்கறிக் கடைக்கு எதிர்க்கடை அவருடையது. ரொட்டியைக் கீறி, சூரை மீனும் அவித்த முட்டையும் ஆலிவும் திணித்து நீட்டுவார். விடியும்போதே களைத்த முகம். வியாபாரம் ஓய்ந்தால் நின்றபடியே தூங்குவார்.

துனிசியாவின் ஜெர்பா தீவிலிருந்து வந்த யூதர்களான எங்களிடம் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர்தான். தாத்தா உயிரோடிருந்து அதைக் கேட்க வேண்டும், அதுதான் அவருக்கு மரியாதை. கலாஃபோவின் மருமகள் பினாவோ போலந்து யூதர் வழி வந்தவள். இருப்பவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் மரண தூதன் அந்த மனிதரைத் தேடி வந்துவிடுவான் என்பது அவள் வீட்டு நம்பிக்கை. பேத்திகள் பிறந்தவரை வம்பில்லை. போன வாரம் பேரன் பிறந்தான்.

"என் பேரு வைக்கணும்னா நான் சாகணுமாம்யா!" என்று என்னிடம் புலம்பினார். "செத்தப்புறம் கூப்பிட்டா எனக்குக் கேக்குமா?"

"கோபப்படாதீங்கண்ணே."

"கோபமா? அதுக்குத் தெம்பு வேணாமா?"

மனுஷன் வேறு என்ன கேட்டுவிட்டார்?

பினா கடைக்கே வந்து அழுதாள். "எங்கப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகல, மாமா. நீங்களாவது இருங்களேன்."

"அடி பைத்தியக்காரி, எப்படியும் ஒருநாள் போகத்தானே போறேன்? பேரக் கேட்டுட்டுப் போறேனே."

இப்படியே வாரம் முழுக்க. கடைசியில் அவளும் அலுத்துப்போய், "உங்க இஷ்டம், மாமா" என்று சொல்லிவிட்டாள். அன்றுதான் கலாஃபோ எனக்குக் காசு வாங்காமல் ரொட்டி கொடுத்தார்.

எட்டாம் நாள் ஜெபக்கூடத்தில் சுன்னத்து முடிந்தது. குழந்தை தாத்தாவின் மடியில் வீறிட்டது. திராட்சைரசக் கிண்ணத்தை உயர்த்திய பெரியவர், "பேர் என்ன?" என்று கலாஃபோவின் மகன் யோனாவிடம் குனிந்தார். கலாஃபோ தலை நிமிர்ந்தார். கதவருகே பினா நின்றிருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கடைசி முறையாகப் பார்ப்பவள் மாதிரி மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோனா வாயெடுத்தான்.

கலாஃபோ எட்டி மகனின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். "அவ அப்பா பேரைச் சொல்லுடா."