ஈரம் என்று ஒதுக்கிய கோடு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் என் தம்பி வேலை செய்தான். பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கே ஒரு வாயு உணரியைப் பொருத்தினேன். கொழுந்து உலர்த்தும் அடுப்பின் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. ஆள் அறியாமல் கொல்லும்.

உணரி என்பது நகத்தளவு படிகத் தகடு. அதன் மேற்பரப்பில் ஒலி அலை ஓடும். மேலே பூசிய படலத்தில் வாயு ஒட்டினால் அலையின் அதிர்வெண் குறையும். எவ்வளவு குறைந்தால் எவ்வளவு வாயு என்று சொல்லும் கணித மாதிரியை நான்தான் எழுதினேன். ஈரம் பட்டாலும் அதிர்வெண் குறையும் என்பதுதான் சிக்கல். மழைக் காலைகளில் உணரி வைத்த எச்சரிக்கைப் பெட்டி வீணாகக் கத்தியது.

“அண்ணே, ஒங்க பொட்டிக்குச் சளி புடிச்சிருக்கு. கொத்தமல்லித் தண்ணி வச்சுக் குடுங்க,” என்றான் தம்பி. மாடியே சிரித்தது.

எனக்கு அவமானமாக இருந்தது. அதிர்வெண்ணைக் காட்டும் கோடு மெதுவாக இறங்கினால் ஈரம், சட்டென்று இறங்கினால்தான் வாயு என்று மாதிரியைத் திருத்தினேன். வெயில் நாட்களில் சோதித்தேன். பெட்டி அடங்கியது.

நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். கொழுந்து நனைந்து வரும் நாளில்தான் அடுப்பின் சூட்டுக் காற்றை மாடிக்கு விடுவார்கள் என்பது சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அடுப்புக் குழாய் ஓட்டையானால் ஈரமும் வாயுவும் சேர்ந்தே வரும், மெதுவாகவே வரும். அதை நான் யோசிக்கவில்லை.

ஒரு மழைக் காலையில் தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

“அண்ணே, தல வலிக்குது. பொம்பளைங்களுக்கும் வலிக்குதாம். கீழ எறங்கிரவா?”

ஹட்டனில் என் வீட்டுக் கணினியில் கோடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

“ஈரந்தான்டா. வேலையப் பாரு,” என்றேன்.

பெண்களை அவன் தேநீருக்கு அனுப்பினான். தான் மட்டும் இருந்துவிட்டான். தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

விசாரணையில் உணரி பழுது என்று சொன்னேன். அது பழுதாகவில்லை. அழைப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம்தான் தம்பி மனைவியிடம் பேசினேன். மாதிரி, ஈரம், கோடு என்று விளக்கிக்கொண்டே போனேன். அவள் நிறுத்தினாள்.

“பொட்டி கெடக்கட்டும் மச்சான். தல வலிக்குதுன்னு ஒங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?”

“சொன்னான்.”

“எறங்குன்னு சொன்னீங்களா?”

“கோடு மெதுவாத்தான்...” என்று மறுபடி தொடங்கினேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.