பழைய வாஷர்

தொண்ணூறுகளில் பல்லடத்தில் எனக்கு ஒரு கோழி லாரி இருந்தது. மார்கழிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும். ஒருநாள் லோடு ஏற்றுகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, டிரைவர் அந்தோணியிடம், "வண்டியக் கெடுத்துப்போட்டீங்க, இனி வர வேண்டாம்" என்றேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மெக்கானிக் வந்து பார்த்தார். டீசல் பில்டரின் வாஷர் தேய்ந்து, இரவில் வண்டி நிற்கும்போது குழாயில் காற்று புகுந்துவிடுகிறது என்றார். பில்டரைச் சுத்தம் செய்து அந்தப் பழைய வாஷரையே மாட்டியவன் நான்.

அந்தோணியின் வீட்டுக்குப் போய், "வாஷர்தான் காரணம்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"சந்தேகந்தானுங்க. நீங்க மாட்டுனதாச்சே, அத்தன பேரு முன்னால எப்படிங்க சொல்றது?"

மறுநாள் அதே ஆட்கள் முன்னால், தப்பு என்னுடையது என்றேன். சொல்லும்போது உடம்பே கூசியது. அந்தக் கூச்சம் எனக்கு வரக்கூடாதென்றுதான் அவர் வேலையையே விட்டுக்கொடுத்திருந்தார்.