ஓரம் திருத்திய படம்

எங்கள் கல்யாணப் படத்தில் என் தாடையில் மச்சம் இருக்காது. ஆவடி கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலை வைத்து அதை எடுத்துவிட்டார். அந்த நாளில் எல்லோருக்கும் அப்படித்தான். அம்மைத் தழும்பு, பரு எதுவும் படத்தில் மிஞ்சாது. கேட்காமலே செய்வார். எனக்கும் அது பிடித்திருந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் குப்புறப் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் குதிகாலில் ஒரு கருப்புத் திட்டு. ஃபேக்டரி கிரீஸ் என்று நினைத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். போகவில்லை. காகிதத்தில் மை ஊறின மாதிரி ஓரமெல்லாம் பிசிறாக இருந்தது.

"இன்னாத்துக்கு இப்டி தேய்க்கிற? கால் ஆணியா இருக்கும், உடு. வலியே இல்ல."

வலியில்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் அம்மாவின் அண்ணனுக்கு இப்படித்தான் வலியில்லாத கருப்பு ஒன்று வந்தது. காலை எடுத்தும் அவர் பிழைக்கவில்லை.

குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரி டாக்டர் பார்த்துவிட்டு, "சிட்டியில எனக்குத் தெரிஞ்ச தோல் டாக்டர் இருக்கார். இந்த வாரம் போறேன். தெளிவா ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க, காட்டிட்டு வரேன்" என்றார். லீவு போட வேண்டாம் என்பதில் என் கணவருக்குச் சந்தோஷம்.

ஸ்டுடியோக்காரர் அவர் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தார். "மாமே, மூஞ்சிய எடுத்தே பழகிட்டேன். இன்னிக்கு காலு போஸ் குடுக்குது!" இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

படத்தை என் கணவரே வாங்கி டாக்டரிடம் கொடுத்தார். டிஸ்பென்சரி டாக்டர் சிட்டிக்குப் போய்வந்து சொன்ன பதில் நல்லபடியாக இருந்தது. "ஓரம் வட்டமா, ஒழுங்கா இருக்காம். சாதாரண மச்சமாத்தான் தெரியுதாம்." அன்று பாயசம் வைத்தேன்.

திரும்பி வந்த படத்தை மறுநாள்தான் உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். குதிகாலில் பொட்டு வைத்தது போல அழகான வட்டம். தூங்கிக்கொண்டிருந்தவரின் காலருகே அதைப் பிடித்தேன். காலில் பிசிறு அப்படியே இருந்தது.

கடைத்தெருவுக்கு ஓடினேன். படத்தைப் பார்த்ததும் ஸ்டுடியோக்காரர் முகம் மலர்ந்தது. "நல்லா கீதில்லக்கா? பிசிறா அசிங்கமா இருந்துச்சு. நான்தான் ரவுண்டு பண்ணி உட்டேன்."

வெளி ஆட்களிடம் நான் வாய் திறப்பதே அபூர்வம். "அது டாக்டருக்குங்க" என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரிக்குனு உங்க வூட்டுக்காரரு ஒரு வார்த்த சொல்லலியே... வேற பிரிண்ட் போட்டுத் தரேன்க்கா."

எனக்குப் பிரிண்ட் வேண்டாம். காலையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

மறுநாள் லீவு போட வைத்துச் சிட்டிக்குப் போனோம். தோல் டாக்டர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸ் வைத்து, வெகுநேரம் குனிந்திருந்தார்.

"தெரிஞ்சுதாங்க?" என்றேன்.

"இல்லம்மா. படத்த வெச்சு நான் சொன்னதே தப்பு. திருத்தாத படம் வந்திருந்தாலும் நேர்ல வாங்கன்னு சொல்லலாம், அவ்ளோதான். இந்த லென்ஸும் மேல இருக்கறத மட்டும்தான் காட்டும். உள்ளங்கால் தோல் தடிமன். கீழ எவ்ளோ இறங்கியிருக்குன்னு வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

ஒரு சின்னச் சதைத் துண்டு பாட்டிலில் பரிசோதனைக்குப் போனது. முடிவு வரும்வரை அவர் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தார். அந்தச் செருப்புச் சத்தம் நின்றால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். இனி அந்தச் சத்தமே இல்லாமல் போய்விடுமோ என்று நினைப்பேன்.

முடிவு வந்தது. கெட்ட கட்டிதான், தோல் புற்று. ஆனால் ஆழமாக இறங்கவில்லை என்றார்கள். குதிகால் சதையை எடுத்துத் தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். கால் தப்பியது.

இப்போதும் ஞாயிறுதோறும் ஜன்னல் வெளிச்சத்தில் அவருடைய இரண்டு உள்ளங்கால்களையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். "இன்னா டாக்டரம்மா, பாஸா?" என்பார். பார்த்து முடிக்கும்வரை நான் பதில் சொல்வதில்லை.