என் மூக்கும் டச்சப் மேஜையும்

போட்டோ ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்க்கிறவர்களுக்கு முகம் என்று ஒன்று கிடையாது. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, தாடை, மூக்கு என்று தனித்தனி வேலைகள்தான் உண்டு. முதலியார்பேட்டையில் கடலூர் ரோட்டை ஒட்டிய ஒரு ஸ்டுடியோவில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் இதைத்தான் செய்கிறேன். புதுச்சேரியின் தெற்குப் பக்கத்தில் பாதிப் பேருடைய மூக்கு என் கையால் கொஞ்சமாவது இளைத்திருக்கும்.

இதில் ஒரே கஷ்டம் என் சொந்த மூக்கு. நடுவில் ஒரு மேடு, நுனியில் இடது பக்கம் ஒரு சாய்வு. பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், அதை இங்கே எழுத மாட்டேன். ஆபரேஷன் செய்து சரிபண்ணலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஆசை. ஒரு டாக்டரின் கார்டை வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்தேன். அது மஞ்சளாகிப் போனதே தவிர நான் போன் செய்யவில்லை. வலிக்குப் பயமில்லை. இந்த வயதில் இவளுக்கு இது கேட்கிறதா என்பார்களே என்று பயம். பெற்ற அம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். மூக்கையோ பல்லையோ காதையோ மறைத்துக்கொண்டு குரூப் போட்டோவில் பின் வரிசைக்கு ஓடுகிறவர்களே, நான் பட்ட அவஸ்தையெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்.

காபி கொண்டு வந்த பெண்

தவளக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் மகளைக் கூட்டி வந்தார். மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், ஜாதகத்தோடு கொடுக்க ஒரு படம் வேண்டுமாம். அந்தப் பெண்ணின் மூக்கு என் மூக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. எனக்கு மனசு கேட்கவில்லை. நான் பட்டதை அவளும் பட வேண்டாம் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து மேட்டை இறக்கி, நுனியை நிமிர்த்தி, பக்கங்களை ஒட்டவைத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்து அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

பத்து நாள் கழித்து அப்பா மட்டும் வந்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் மடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். அவர் சத்தமே போடவில்லை. இப்படிச் சொன்னார்:

“மாப்ள வூட்டுக்காரங்க வந்தாங்கம்மா. எம் பொண்ணுதான் காபி எடுத்தாந்து குடுத்துச்சு. வாங்கிக் குடிச்சிட்டு, ‘செரி, பொண்ண வரச் சொல்லுங்க’ன்றாங்க.”

சொல்தா சொன்னது

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, எண்பது வயதுக்கு மேல், இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாக வந்து ஏதோ பிரெஞ்சுக் காகிதத்துக்குப் படம் எடுத்துக்கொண்டார். டச்சப் கூடாது என்று மூன்று முறை சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் மூக்கு என்றால் என் கை என் பேச்சைக் கேட்காது. நூலிழைதான் குறைத்தேன், சத்தியமாக நூலிழைதான்.

பிரெஞ்சு ஆபீசில் படம் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். முசியே வெயிலில் மறுபடி வந்தார். அவ்வளவு வயதானவரை அலையவிட்டோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்டேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அந்த மூக்க பிரான்சுக்கு அறுவது வருஷமாத் தெரியும், மதாம். ஒங்களுக்குப் புடிக்கலன்னா நீங்க கண்ண மூடிக்குங்க.”

பதினாறாம் நாள் படம்

காத்தாயி அம்மாவுக்கு ஊர் வடக்கே கனகசெட்டிக்குளம். மீன் விற்கிறவர். மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது முதலியார்பேட்டையில் என்பதால் எங்கள் கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்துவிட்டார், பதினாறாம் நாள் கருமாதிக்கு மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும். அவர் கொண்டு வந்தது அடையாள அட்டையில் இருந்த நகம் அளவுப் படம், அதிலும் உப்புத் தண்ணீர் பட்டு நடு முகம் கரைந்திருந்தது. கண்ணும் மீசையும் கிடைத்தன. மூக்கு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்காமல் கம்ப்யூட்டரில் இருந்த நல்ல நேரான மூக்கு ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன். அதைப் பெரிய உபகாரமாக வேறு நினைத்துக்கொண்டேன்.

காத்தாயி அம்மா திரையைப் பார்த்தார். “இது யாரும்மா?” என்றார். புருஷன் போய்ப் பத்து நாள்தான் ஆகிறது, அந்த அம்மாவிடம் வேறு யாரோ ஒரு ஆளைக் காட்டிவிட்டேன். மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் கையை நீட்டி என் மூக்கைத் தொட்டார். “இதான்” என்றார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என் மூக்கைப் பற்றி ஒருவர் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வேறு வழியும் இல்லை. என் மூக்கை நானே செல்போனில் படம் எடுத்து, ஒரு புள்ளிகூடத் திருத்தாமல், அவர் புருஷன் முகத்தில் பொருத்தினேன். காத்தாயி அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

“வந்துட்டாரும்மா. கோவமா பாக்கறதுகூட அப்டியே இருக்கு.”

சுவரில் பதினொன்று

எங்கள் முதலாளி பாஸ்கர் அண்ணனுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கேமராவுக்கு எல்லாம் பொட்டு வைத்து முடித்ததும் கடை ஆட்களை நிற்கவைத்து ஒரு குரூப் போட்டோ எடுப்பார். பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவோம். பிரிண்ட் போடுவது என் வேலை. ஆகவே பிரிண்டுக்கு முன்னால் என் மூக்குக்கு என்ன நடக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் பதினோரு படங்களையும் இறக்கித் துடைத்து வரிசையாகத் தரையில் வைத்தேன். எனக்குத் தலை சுற்றிவிட்டது. பதினோரு படத்தில் பதினோரு மூக்கு. ஒன்று கிளி மாதிரி, ஒன்று சினிமாக்காரி மாதிரி, ஒரு வருஷம் கை மிஞ்சிப்போய் மூக்கே இல்லாத மாதிரி. எல்லாப் படத்திலும் பாஸ்கர் அண்ணன் பாஸ்கர் அண்ணனாகவே இருக்கிறார். நான்தான் வருஷத்துக்கு ஒருத்தி. படத்தில் பதினோரு தடவை ஆபரேஷன் செய்துகொண்டவளுக்கு முகத்தில் ஒரு தடவை செய்துகொள்ள என்ன பயம்? அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தேன், டிராயரில் கார்டைத் தேடினேன். நிமிர்ந்தால் பாஸ்கர் அண்ணன் பின்னால் நிற்கிறார். அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

“மொத வருஷமே பாத்துட்டேம்மா. வருஷா வருஷம் ஒன் மூக்க மட்டும் கொறச்சிக்கிற, என் தொப்பைய ஒரு வருஷமாவது கொறச்சியா?”

யார் செய்த ஆபரேஷன்?

வீட்டில் சொன்னபோது என் கணவர் சோற்றில் கை வைத்தபடியே விழித்தார். “நல்லாத்தானே மூச்சு வுடுற?” என்று கேட்டார். மூச்சுக்காக இல்லை என்று சொன்னேன். மூன்றாவது நாள் வண்டியில் என்னைக் கடையில் இறக்கிவிடும்போது, “ஒனக்கு வேணும்னா பண்ணிக்க. ஆனா எனக்காகன்னு மட்டும் சொல்லாத” என்றார். அந்த வார்த்தை எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

கார்டில் இருந்த டாக்டர் அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பி அளந்தார். யோசித்தால் அவரும் எங்கள் தொழில்தான், என்ன, அவருடைய வேலையில் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. சின்ன வயதில் அடிபட்டதா, இயற்கையிலேயே இப்படியா என்று பார்க்க வேண்டும், பழைய படங்களைக் காட்டுங்கள் என்றார். செல்போனை நம்பிக்கையோடு நீட்டினேன். கல்யாண ஆல்பம், வளைகாப்பு, கோயில், பிறந்தநாள் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்துகொண்டே போனபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு படம்கூட நான் விட்டுவைக்கவில்லை. ஆதார் அட்டையைத் தவிர உலகத்தில் என் மூக்குக்குச் சாட்சியே கிடையாது, அந்தப் படத்தில் என்னையே எனக்கு அடையாளம் தெரியாது.

“ஏம்மா, படத்துல ஏற்கெனவே ஆபரேஷன் ஆயிருக்கே, சொல்லவே இல்லையே? யாரு பண்ணாங்க? சுத்தமா பண்ணியிருக்காங்க.”

கைப்பழக்கம்

நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டேன். திருத்தாத படம் செல்போனில் ஒன்றே ஒன்று இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது, காத்தாயி அம்மா வீட்டுக்காரருக்காக எடுத்த அந்த மூக்கு. அதைப் பார்த்துக்கொண்டேதான் டாக்டர் அம்மா எனக்கு எல்லாம் விளக்கினார். தை மாதத்தில் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்த்து, யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்பது போல யார் வேண்டும் என்று கேட்கப் போனேன். பிறகு பிடித்துவிட்டது. அம்மாவுக்கு அடையாளம் தெரியாதோ என்று இத்தனை வருஷம் பயந்தேனே, அம்மா உள்ளே வந்தவுடன் கேட்டது, “சாப்ட்டியாடி?”

லீவு முடிந்து போன அன்று பாஸ்கர் அண்ணன் என்னை விளக்குக்கு முன்னால் உட்காரவைத்துத் தானே ஒரு படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் திறந்தேன். என் கை தானாகப் போய் மூக்கின் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. செய்வதற்கு எதுவுமே இல்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை முழுசாக, முகமாகப் பார்த்தேன். கண்ணீர் வந்துவிட்டது. பின்னால் நின்ற அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“இன்னா தேடுற? அங்க வேல முடிஞ்சிடுச்சும்மா. என் தொப்பைக்கு வா.”

வருஷத் திதி

புரட்டாசி வந்தது. ஒரு நாள் காலையில் காத்தாயி அம்மா கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்து போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். வீட்டுக்காரருக்கு வருஷத் திதி வருகிறது என்றார். பெரிய படம் இன்னொன்று போட்டுத் தரவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கழுத்தை நீட்டி உள்ளே என் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பொண்ணு இருக்குமே, அது வரட்டும் என்றார்.

“நாந்தாம்மா அது” என்றேன். நம்பவில்லை. குரலைக் கேட்டுவிட்டு மறுபடி முகத்தைப் பார்த்தார். போன வருஷம் தொட்ட மாதிரியே கையைத் தூக்கினார், பாதியிலேயே நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார். ஆபரேஷன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரே, “நல்லாத்தான் இருக்கும்மா, நல்லாருக்கு” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“படத்துக்கோசரம் வரலம்மா. வூட்ல படம் இருக்குது. ஒரு வருஷம் ஆச்சே, ஒன் மூக்க ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

ஒருவர் கண்ணிலும் படக் கூடாது என்று பதினோரு வருஷம் நான் மறைத்த மூக்கைப் பார்க்க ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்தார். அது இப்போது கனகசெட்டிக்குளத்தில் மாலை போட்டுக்கொண்டு மரியாதையாக இருக்கிறது, நானும் முதலியார்பேட்டையில் அழகாகத்தான் இருக்கிறேன்.